மல்லிகைக் கொடியின் இலை சொல்லும் செய்தி

(கிளைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வெளிக்காட்டுக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தவன் சம்பளத்தைப் பற்றிப் பேசுவான், அல்லது வீட்டைப் பற்றிப் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அவற்றைப் பேசத் தகுதியுள்ளவர்கள் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். நான் மல்லிகைக் கொடியைப் பற்றிப் பேசப் போகிறேன். (சிரிப்பு.) சிரியுங்கள், பாதகமில்லை. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் பலர் வீட்டு வாசலில் ஒரு கொடியாவது வைத்திருப்பீர்கள். லயத்தில் இருப்பவர்கள் மண்ணில் ஊன்றியிருப்பீர்கள். தோட்டம் கைமாறித் தாமானுக்கும் அடுக்கு வீட்டுக்கும் போனவர்கள் மைலோ டின்னிலோ பெயிண்டு வாளியிலோ வைத்திருப்பீர்கள். தைப்பூசத்தன்று டவுனில் ஒரு முழம் பூ என்ன விலை விற்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு சகோதரி என் வீட்டுக்கு வந்தார். முந்தானையில் நாலு இலைகளை முடிந்து கொண்டு வந்திருந்தார். "கிராணி ஐயா, பதியம் போட்டு மூன்று மாதம் ஆகிறது. நன்றாகத் துளிர்த்து வந்த கொடி இப்போது இலை வெளுத்துப் போகிறது. பையன் ஸ்டோரிலிருந்து கொஞ்சம் மருந்து கொண்டுவருகிறேன் என்கிறான். அடிக்கலாமா?" என்று கேட்டார். என்ன மருந்து அம்மா என்று கேட்டேன். "புல்லுக்கு அடிக்கிறார்களே, அதுதான்" என்றார். அது புல்லைக் கொல்வது அம்மா, பூச்சியைக் கொல்வது அல்ல என்றேன். "எல்லாம் மருந்துதானே ஐயா!" என்றார்.

தோழர்களே, அந்தச் சகோதரியின் மேல் குற்றமில்லை. குற்றம் நம் வாயில் வழங்கும் சொல்லில் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. லாலானுக்கு அடிப்பதும் மருந்து. எலிக்கு வைப்பதும் மருந்து. மலாய்க்காரர்கள் இதற்கு 'ராச்சுன்' என்கிறார்கள். ராச்சுன் என்றால் விஷம். கலனின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்திலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. நாம் மட்டும் விஷத்தை மருந்து என்று அழைத்து வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். ஆகவே, இன்று நான் பேசும் நேரம் முழுவதும் மருந்து என்ற சொல்லை உபயோகிக்கப் போவதில்லை. விஷம் என்றே சொல்லப் போகிறேன்.

நிற்க. அந்தச் சகோதரியின் இலையில் என்ன இருந்தது? அதைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். இலையைப் பார்த்து மரத்தின் நிலையைச் சொல்வது நமக்குப் புதிதல்ல. பால் மரம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலை கொட்டுவதும், அப்போது பால் குறைவதும், புதுத் துளிர் செம்பு நிறத்தில் வருவதும் வெட்டுகிறவனுக்குத் தெரியும். அந்தத் துளிரில் வெண்மையாகச் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம் பிடித்தால் துளிர் மறுபடியும் கொட்டிவிடும் என்பதும், அதற்குக் கந்தகத் தூள் தூவுவார்கள் என்பதும் தெரியும். 1925-ஆம் ஆண்டு இந்நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது; அங்கே இலையைப் பறித்துச் சோதித்துப் பார்த்து எந்த உரம் குறைவு என்று சொல்லும் கலையை வளர்த்திருக்கிறார்கள். இலை நோய் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் கார் செய்த ஹென்றி போர்டு 1928-இல் பிரேசில் நாட்டின் காட்டில் 'போர்டுலாந்தியா' என்று ஒரு பெரிய ரப்பர் தோட்டம் போட ஆரம்பித்தார். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் மரங்கள் வளர்ந்து கிளையோடு கிளை கூடியதும் அந்த நாட்டு இலைக் கருகல் நோய் தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசாங்கத்துக்கே விற்றுவிட்டுப் போனார்கள். அந்த நோய் இன்னும் நம் பக்கம் வரவில்லை. வராதவரையில்தான் நம் பால் வாளி நிறைகிறது.

சரி, மல்லிகைக்கு வருவோம்.

இலையின் அடியில் பாருங்கள்

அந்தச் சகோதரியின் இலையில் மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல் நுணுக்கமான மஞ்சள் புள்ளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் இலை வெளுத்த மாதிரி தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையைத் தட்டச் சொன்னேன். தூசு மாதிரி விழுந்தது. அந்தத் தூசு நகர்ந்தது. சகோதரி "ஐயையோ" என்றார். அதுதான் செஞ்சிலந்திப் பேன். சிலந்திக்கு உறவு, எட்டுக் கால், கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். மழையில்லாத நாட்களில், சுவரோரத்தில், கூரைக்கு அடியில் மழை படாமல் நிற்கும் கொடியில்தான் இது பெருகும். லயத்துத் தாழ்வாரத்தில் நிற்கும் கொடிக்கு இது அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுவே.

இதற்கு விஷம் வேண்டாம். தண்ணீர் போதும். காலையில் ஒவ்வொரு இலையையும் திருப்பி அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடிக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் விடாமல். மேலே ஊற்றினால் பிரயோஜனமில்லை. பூச்சி அடியில் அல்லவா குடியிருக்கிறது! அப்படியும் போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குத் தெளியுங்கள். இளங்கொடியின் துளிர் மென்மையானது. சோப்பு அதிகமானாலும் கருகும். பூச்சிக்கு அடிக்கிற விஷத்தை வாங்கி அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், பேன் மிஞ்சும், பத்து நாளில் முன்னைவிட இரட்டிப்பாகும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தண்டும் இலையும் சேரும் இடுக்கில் பஞ்சு வைத்தாற்போல் மாவுப்பூச்சி. தண்டில் சிப்பி ஒட்டினாற்போல் செதில் பூச்சி. துளிரின் நுனியில் கும்பலாகச் செடிப்பேன். இவை சாற்றை உறிஞ்சி இனிப்பான ஒரு நீரைக் கழிக்கின்றன. அது இலைமேல் விழுந்து பிசுபிசுக்கும். பிறகு அதில் கரி பூசியது போல் கறுப்புப் பூஞ்சணம் படரும். இலை கறுத்துவிட்டதே என்று பூஞ்சணத்துக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. அது வீண் வேலை. கறுப்பை விரலால் துடைத்தால் வந்துவிடும். கீழே இலை பச்சையாக இருக்கும். மேலே எங்கே பூச்சி இருக்கிறது என்று தேட வேண்டும்.

தேடுவதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. எறும்பு. கொடியில் எறும்பு வரிசை ஏறினால் அதன் பின்னாலேயே உங்கள் கண்ணும் ஏறட்டும். அது போய் நிற்கும் இடத்தில் பூச்சி இருக்கும். பால் வெட்டப் போய் கெரெங்கா எறும்பிடம் கடி வாங்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். அந்தக் கெரெங்கா புழுக்களைத் தின்று கொடிக்கு நன்மையும் செய்யும். மாவுப்பூச்சியை மாடு மேய்ப்பது போல் மேய்த்துத் தீமையும் செய்யும். இரண்டும் ஒரே எறும்பு! ஆகவே அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மாவுப்பூச்சி இருந்தால் எறும்பு ஏறும் வழியை அடையுங்கள். பழைய பல் துலக்கும் புருசைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துப் பூச்சியைத் தேய்த்து எடுங்கள். ஒரு சின்னக் கொடிக்குப் பத்து நிமிஷ வேலை.

மொட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே புழு. ஒரு மொட்டைத் தின்று முடித்து, நூல் கட்டி அடுத்த மொட்டுக்குப் போகும். ஓட்டையில்லாமல் மொட்டு ஊதி, ஊதா நிறமாகி, விரியாமலே உதிர்ந்தால் அது வேறு. கொசு மாதிரி ஒரு சின்னஞ்சிறு ஈயின் புழு மொட்டுக்குள் இருக்கிறது. அது உதிர்ந்த மொட்டிலிருந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக எழும். உதிர்ந்த மொட்டைப் பெருக்கி அதே கொடியின் அடியில் குவிப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை விடுங்கள். பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி வெயிலில் வையுங்கள்.

புது இலையா, பழைய இலையா?

பூச்சியே இல்லாமல் இலை மஞ்சளாவதும் உண்டு. நான் பார்த்த கொடிகளில் இதுதான் அதிகம். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: மஞ்சளானது புது இலையா, பழைய இலையா?

வீட்டில் சோறு குறைந்தால் தாய் தன் பங்கைப் பிள்ளைக்குப் போடுகிறாள் அல்லவா? கொடியும் அப்படியே. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள பழைய இலையிலிருந்து சத்தை எடுத்து நுனித் துளிருக்கு அனுப்பும். அடி இலை மஞ்சளாகி உதிரும். நுனி பச்சையாக இருக்கும். ஆனால் இரும்புச் சத்து அப்படி நகராது. அது குறைந்தால் புதுத் துளிர்தான் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். நம் நாட்டுச் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சமில்லைதான். ஆனால் புது வீட்டுச் சுவரோரத்தில் சிமெண்டுக் கழிவும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் ஊன்றினால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. தாமானுக்குக் குடிபோனவர்களின் கொடி வெளுப்பதற்கு இது ஒரு காரணம். மண்ணை மாற்றி, மக்கிய குப்பை கலந்து வைத்தால் அடுத்த துளிர் பச்சையாக வரும். பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் குறைவு. பால் மரத்திலும் இதே அடையாளம்தான்; வெளிக்காட்டு வேலை செய்த கிராணிமார்களுக்கு நினைவிருக்கும்.

தோட்டத்து உரம் ஒரு பிடி அள்ளிப் போட்டவர்களும் இருக்கிறீர்கள். கை தூக்க வேண்டாம். (சிரிப்பு.) அது நின்று வளர்ந்த மரத்துக்கான அளவு. பத்து இலையுள்ள கொடிக்குப் போட்டால் இலையின் ஓரம் தீய்ந்து பழுப்பாகும். அப்படி ஆனால் தண்ணீரை நிறைய விட்டு உரத்தைக் கழுவி வெளியேற்றுங்கள். மைலோ டின்னின் அடியில் ஓட்டை போடாமல் கொடி வைத்து, வாடுகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைப்பதும் அடிக்கடி நடப்பதே. ஆணியும் சுத்தியலும் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தீரும் நோய்.

மத்தியான வெயிலில் வாடி, சாயங்காலம் நிமிர்கிற கொடி இருக்கிறதே, அது மண்ணுக்குள் கோளாறு. முதலில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சணமும், கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் அந்தக் கொடி பிழைக்காது. மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அதே இடத்தில் மறுபடி ஊன்றாதீர்கள். பால் மரத்தில் வெள்ளை வேர் நோய் வந்தால் என்ன செய்வார்கள் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்டு சுத்தமாக இருந்தால் ஓரமாகத் தோண்டி ஒரு வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. இங்கே ஒரு எச்சரிக்கை: மூடு பயிராகப் போடும் பூராரியாக் கொடியின் வேரிலும் முடிச்சு இருக்கும். அது நல்ல முடிச்சு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைப்பது. விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். மல்லிகை வேரில் உள்ளது உதிராது, வேரே வீங்கியிருக்கும்.

பம்பின் கதை

இதுவரை சொன்னவற்றை ஒரு புத்தகத்திலும் படிக்கலாம். இனிச் சொல்லப் போவது என் சொந்த அனுபவம். இதைச் சொல்லத்தான் தலைவரிடம் நேரம் கேட்டேன்.

1987-இல் நான் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணி. தோட்டத்தின் பெயர் வேண்டாம். என் மனைவி வாசலில் ஒரு கொடி வைத்து அது பந்தலில் ஏறத் தொடங்கியிருந்தது. செடிப்பேன் பிடித்தது. சோப்புத் தண்ணீர் அடிக்கலாம் என்று ஸ்டோரிலிருந்து ஒரு பம்பை எடுத்து, இரண்டு தடவை கழுவி, சோப்புத் தண்ணீர் ஊற்றி அடித்தேன். பேன் போயிற்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் துளிரெல்லாம் முறுக்கிக்கொண்டு வந்தது. இலை விசிறி மாதிரி மடிந்து, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நெருங்கி, காம்பு பாம்பு மாதிரி வளைந்திருந்தது. பேன் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அதே பம்பால் மறுபடியும் அடித்தேன். படித்தவன் என்று பெயர்! இன்னும் மோசமாயிற்று.

ஒரு நாள் காலையில் விஷம் அடிக்கும் கும்பலில் வேலை செய்த ஓர் அம்மா சீட்டு வாங்க என் வீட்டு வாசலுக்கு வந்தார். கொடியைப் பார்த்தார். "ஐயா, இது பூச்சி இல்லீங்க. இது எங்க பம்புங்க" என்றார். எப்படி அம்மா தெரியும் என்றேன். அகன்ற இலைக் களைக்கு அடிக்கும்போது ஓரத்தில் நிற்கும் மரவள்ளியும் கத்தரியும் இப்படித்தான் முறுக்கும் என்றார். அந்த விஷத்துக்கு 'டூ ஃபோர் டி' என்று பெயர். பம்பின் குழாயிலும் ரப்பர் வளையத்திலும் ஊறியிருக்கும் கொஞ்சநஞ்சமே மெல்லிய துளிரைக் கெடுக்கப் போதும். இரண்டு தடவை கழுவினால் போகாது. அந்த அம்மா அந்த இலையைச் சுட்டிக் காட்டிய விரலை நான் அப்போதுதான் பார்த்தேன். நகம் வெளுத்துப் பாதி பெயர்ந்திருந்தது. வேறு இரண்டு விரல்களிலும் நகமே இல்லை. கையுறை கிடையாதா அம்மா என்று கேட்டேன். "கேட்டா, ஸ்டோருல முடிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கீங்களே ஐயா" என்றார்.

எழுதியது நான்தான். மண்டோர் சொன்னார், எழுதினேன். தினமும் பெரட்டில் அந்த அம்மாவின் பெயரைக் கூப்பிட்டுச் செக்ரோலில் கோடு போட்டவன் நான். மனைவியின் கொடியில் ஒவ்வோர் இலையாக மூன்று வாரம் திருப்பிப் பார்த்த எனக்கு, அந்தக் கையை ஒரு நாளும் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த நகத்தைப் பெயர்த்தது முறுக்கும் விஷம் அல்ல, அநேகமாகப் பாரகுவாட். அதன் கதை உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். 1960-களில் வந்தது. அதற்கு முன் லாலானுக்கு அடித்த சோடியம் ஆர்சனைட்டு என்ற பாஷாணத்தைவிட நல்லது என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது. காயத்தின் வழியாகவும் உடம்பில் ஏறும். முதலில் வந்தது கோப்பி நிறம். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததைக் கோப்பி என்று குடித்துச் செத்தவர்கள் பல நாடுகளில் உண்டு. பின்னால்தான் நீலச் சாயமும் நாற்றமும் வாந்தி எடுக்கவைக்கும் பொருளும் சேர்த்தார்கள். நம் நாட்டில் 2002-இல் தடை என்று அறிவித்தார்கள். 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை அமலுக்கு வந்தது. அந்தப் பதினெட்டு வருஷத்திலும் பம்பு தூக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தடை வந்ததால் பழைய கலன்களெல்லாம் ஆவியாகிவிடவில்லை. உங்கள் வீட்டின் பின்புறமோ பழைய ஸ்டோரிலோ பெயர் அழிந்த கலன் இருந்தால் தொடாதீர்கள், கிளையில் சொல்லுங்கள்.

ஆகவே, உங்கள் மல்லிகை இலையில் பூச்சியும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை என்றால் மூன்றாவதாக ஒரு சந்தேகம் வர வேண்டும். துளிர் முறுக்கி விசிறியாக மடிந்தால், பம்பில் ஊறிய அந்த முறுக்கும் விஷம். துளிர் ஊசி மாதிரி ஒடுங்கி, வெளுத்து, கொத்துக் கொத்தாக நெருங்கி வந்தால் கிளைபோசேட்டு. இன்றும் செம்பனையிலும் ரப்பரிலும் அடிக்கிறார்கள். இலையில் ஆங்காங்கே துளி விழுந்த அளவுக்கு, ஓரிரு நாளில் தீய்ந்து பழுப்புப் புள்ளியாகி, புதுத் துளிர் மட்டும் நன்றாக வந்தால், பட்ட இடத்தை மட்டும் எரிக்கும் பாரகுவாட் போன்ற விஷம். பூஞ்சணப் புள்ளி அப்படியல்ல. மழைக்காலத்தில் நாளுக்கு நாள் பெரிதாகும், பக்கத்து இலைக்கும் போகும். விஷம் பட்ட புள்ளி ஒரே நாளில் வந்து அப்படியே நின்றுவிடும். காற்று வந்த பக்கத்து இலைகளில்தான் இருக்கும்.

அப்படிக் கண்டால் கொடியை நினைத்து வருத்தப்படுவது இரண்டாவது வேலை. அந்தக் காற்று உங்கள் கொடியோடு நின்றிருக்குமா? பக்கத்தில் உலர்த்திய துணி, திறந்த சன்னல், மூடாத தண்ணீர்த் தொட்டி, வாசலில் விளையாடிய பிள்ளை ஆகிய எல்லாவற்றின் மேலும் அதே துளி விழுந்திருக்கும். கொடி அசையாமல் நின்றதால் அதில் அடையாளம் பதிந்தது. அந்த இலையைப் பறித்துச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, எந்தக் காட்டில் அடித்தார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையைவிட்டு எழுதுங்கள். கிராணிமார்களே, இது உங்கள் வேலையும்கூட. கலனில் ஒட்டிய காகிதத்தின் அடியில் ஒரு நிறப்பட்டை இருக்கும். கறுப்பு மிகக் கொடியது, அடுத்தது சிவப்பு, பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை. வெள்ளை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமல்ல. பெயரையும் பட்டையின் நிறத்தையும் குறித்துக் கொடுங்கள். 1974-ஆம் ஆண்டு விஷப் பொருள் சட்டமும், 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2000-இல் வந்த இரசாயன விதிகளும் நம் கையில் இருக்கின்றன. என்ன விஷம் என்று தொழிலாளிக்குச் சொல்வதும், ஆபத்தை மதிப்பிடுவதும், பயிற்சி கொடுப்பதும், காப்பு உடை கொடுப்பதும் முதலாளியின் கடமை; தயவு அல்ல. (கைதட்டல்.) இன்று பம்பு தூக்குகிறவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பலர். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காகிதத்தை யாராவது படித்துக் காட்டியிருக்கிறார்கள்? நம் ஆள் இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். அவர்கள் பம்பிலிருந்து வரும் காற்றுத்தான் நம் வாசலுக்கும் வருகிறது.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மறுநாள் கையுறை கேட்டு எழுதினேன். பத்து நாள் கழித்து வந்தது. ஒரு டஜன் கேட்டதற்கு நாலு ஜோடி. அதற்கடுத்த வருஷம் நான் மாறுதலாகிப் போய்விட்டேன். மனைவியின் கொடியை அடிவரை வெட்டிவிட்டோம். மூன்று மாதத்தில் நல்ல துளிர் வந்தது. நகம் அப்படி வந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். போன மாதம் வந்த சகோதரி இங்கேதான் இருக்கிறார்; அவருடைய கொடியில் பேன் போய்விட்டது, தண்ணீரால்தான். கூட்டம் முடிந்ததும் அந்த வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன். இலை கொண்டுவந்தவர்கள் வாருங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒருவர் வீட்டுப் பேன் இன்னொருவர் வீட்டுக்குப் போக வேண்டாம். விஷம் அடிக்கும் வேலையில் இருப்பவர்கள் இலை இல்லாவிட்டாலும் வாருங்கள். கையைப் பார்க்க வேண்டும். கிளைச் செயலாளரும் நோட்டுப் புத்தகத்தோடு என் பக்கத்தில் இருப்பார்.